துணைவினை

புதுக்கடை நீதிமன்றில் பதினொரு வருடமாய்
மற்றவர் வாய்க்கு நான் வாய்.
தமிழில் விழுவதைச் சிங்களத்தில் ஏந்தி
நீதவானிடம் கொடுக்கிற வேலை.
கொடுக்கும்போது சிந்தும்.
சிந்தியதை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

முதல் வருடம் நானும் பார்க்கவில்லை.
விளங்காத சொல் வந்தால்
பக்கத்துச் சொல்லைப் போட்டு நிரப்பினேன்,
வெள்ளவத்தைக் கடைகளில்
மிச்சக் காசுக்குப் பதில் டொபி தருகிற மாதிரி.

பிறகு ஒருநாள், ஏனென்று தெரியவில்லை,
"திரும்பச் சொல்லுங்கோ" என்றேன்.
சட்டத்தரணி மணிக்கூட்டைப் பார்த்தார்.
எனக்குக் காது சுட்டது.
பின்னேரம் நூறாம் நம்பர் பஸ்ஸில்
நின்றபடியே டிக்கெட்டின் பின்பக்கம்
அந்தச் சொல்லை எழுதினேன்.

அவ்வளவுதான். நாளுக்கு ஒன்று.
பம்பலப்பிட்டியில் வெள்ளம் முழங்காலுக்கு நின்ற நாளிலும்.
காய்ச்சலில் கிடந்த கிழமை எழுதவில்லை;
அந்த ஏழு சொல் இன்னும் கடன்.
டிக்கெட்டுகள் கொப்பியாகி
கொப்பிகள் பால்மா டின்னுக்குள் அடங்காமல் போயின.
"இதுக்குச் சம்பளம் கூட்டினவங்களோ?"
பதிவறை ஜெகசோதி கேட்டார்.
இல்லை.

போன செவ்வாய், கூண்டில் புஸ்பகாந்தி.
பொகவந்தலாவையிலிருந்து
கறுவாத்தோட்டத்து வீடொன்றுக்குச் சமைக்க வந்தவள்.
குற்றச்சாட்டு: மோதிரம்.
"மாவு பெசையறப்ப நோனா கழட்டிப் போட்டாங்க.
நாந்தான் எடுத்து வச்சேன்."

எடுத்து வச்சேன்.

சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. மின்விசிறி முனகுகிறது.
நாக்கு நுனியில் வந்து நின்றது 'கத்தா'.
எடுத்தாள். சின்னச் சொல், சோம்பல் சொல்,
வெலிக்கடை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும்.
'வச்சேன்' அதன் பின்னால் ஒரு வால், அவ்வளவே.
அதற்குள்தான் அலுமாரித் தட்டு இருந்தது,
பிறகு கொடுக்கலாம் என்ற நினைப்பு இருந்தது.

"அரகென திப்பா" என்றேன்.

நீதவானின் பேனை நின்றது.
"எங்கே வைத்தாள் என்று கேளுங்கள்."

கேட்டேன்.
வழக்கு அடுத்த மாதம் பதினெட்டுக்குப் போயிற்று.
போகையில் அவள் என் பக்கம் திரும்பவில்லை.
தண்ணீர் குடித்தவர்கள்
குழாய்க்கா நன்றி சொல்வார்கள்?

பஸ்ஸில் அதிசயமாய் ஜன்னலோரம் கிடைத்தது.
காலிமுகத்தில் கடல் வந்து போனது.
கொப்பியைத் திறந்தேன்.
'பெசையறப்ப'.
அவசரத்தில் 'கலக்கும்போது' என்று சொல்லியிருக்கிறேன்.
கொஞ்சம் சிந்தியிருக்கிறது.

எழுதினேன்.