யூ அல்ல, வீ

ஜெகதேவி சாலையில் எங்கள் கிரானைட் பட்டறைக்கு
சாவுச் செய்தி மின்னஞ்சலில் வரும்.
பெயர், இரண்டு தேதிகள், கல்லின் அளவு,
அடியில் ஒரு வரி லத்தீன்.
பெல்ஜியத்தில் யாரோ அழுதுகொண்டிருக்கும்போது
நான் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி பார்ப்பேன்.

ஸ்டென்சில் வெட்டுவது என் வேலை.
ரப்பர் தாளில் எழுத்தை உரித்தெடுத்துக்
கருங்கல்லில் ஒட்டிக் கொடுத்தால்
மணல் பீய்ச்சிக் குழியாக்குவார்கள்.
படிக்கத் தெரிய வேண்டாம் என்றார் சூப்பர்வைசர்,
பார்க்கத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் மாதம் நான் படித்துவிட்டேன்.
ரெக்வியெஸ்காத்.
பத்துக் கல்லில் வெட்டிய சொல்.
பதினோராவதில் யூ இருக்கவேண்டிய இடத்தில் வீ.
பிழை என்று திருத்தினேன்.

போட்டோ பார்த்ததுமே
அந்தக் குடும்பம் கல்லை வேண்டாம் என்றது.
பழைய ரோமில் யூ என்ற எழுத்தே கிடையாதாம்.
உயிருக்கும் மெய்க்கும் வீ ஒன்றுதானாம்.
நமக்கு உயிர் தனி, மெய் தனி.
கல்லறைக் கல் செய்கிறவர்களுக்கு
அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
ஆறு மாதத் தவணையில்
என் சம்பளத்தில் கழித்தார்கள்.

அந்தக் கல் இப்போது குழாயடியில்.
பெயர் மார்கரேதா.
"தூக்கை மார்கரேதா மேல வை" என்போம்.
"சமாதானத்தில் இளைப்பாறட்டும்னு அர்த்தம்,
எங்க கல்லறையிலயும் இருக்குது" என்று
எலத்தகிரி ஞானசௌந்தரி மட்டும்
அந்த வரியில் சாம்பார் சிந்தாமல் கழுவுவாள்.

காசு போன பிறகு
ஒவ்வொரு வரிக்கும் போனில் பொருள் பார்த்தேன்.
போன் ஆங்கிலத்தில் சொல்லும்,
மீதி தூரம் நான்தான் போகவேண்டும்.

தெம்புஸ் ஃபூகித். டைம் ஃப்ளைஸ்.
காலம் பறக்கிறது என்று நான் முடிப்பதற்குள்
துறைமுகத்துக்குப் போகும் லாரி
வாசலில் ஹாரன் அடித்தது.

மெமெந்தோ மோரி. சாவு உண்டு, நினைவிருக்கட்டும்.
நாளைக்குப் பன்னிரண்டு கல்,
எங்கே மறப்பது?

ஹிக் யாசெத். ஹியர் லைஸ்.
இங்கே கிடக்கிறார்.
லைஸ் என்றால் பொய் சொல்கிறது என்றும் போட்டிருந்தது.
தூசி அளவு எழுதிச் சுவரில் மாட்டிய பலகையை
ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

திம்மராயன் அண்ணன் கட்டிங்கில் பதினெட்டு வருஷம்.
புருவம்கூட வெள்ளை, கழுவினால் பாதி கருப்பு.
"இதுல இன்னாம்மா எழுதியிருக்குது?"
தும் ஸ்பீரோ ஸ்பேரோ.
வைல் ஐ ப்ரீத், ஐ ஹோப்.
மூச்சு விடுகிற வரை நம்புகிறேன் என்றேன்.
சரியாக விழவில்லை.
உயிர்க்கும் வரை, என்று மாற்றினேன்.
மூச்சு விடுவதும் பிழைத்திருப்பதும்
நம்மிடம் ஒரே சொல்தானே.

அவர் சிரித்தார்.
சிரிப்பு இருமலாகி
இருமல் அவரை மார்கரேதா மேல் உட்காரவைத்தது.
தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:
"மூச்சு இருக்கிற வரைக்கும் நம்பிக்கையா,
நம்பிக்கை இருக்கிற வரைக்கும் மூச்சா?
பார்த்து வெட்டு. மாத்திடாதே.
மறுபடியும் சம்பளத்துல பிடிப்பான்."

போன செவ்வாய்க்கிழமை
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார்.
டாக்டரின் கிறுக்கலில்
எனக்குத் தெரிந்த முகம் ஒன்று.
ஸ்பைரோமெட்ரி.
அந்தப் பாதிச் சொல்லை
என் கத்தியால் உரித்திருக்கிறேன்,
அதன் வளைவுகள் விரலுக்குத் தெரியும்.

"ஊதச் சொல்வாங்க அண்ணே.
எவ்வளவு உயிர்க்கிறீங்கன்னு
ஒரு மெஷின் கணக்குப் போடும்."

"மெஷினுக்கு மீதிப் பாதி தெரியாதா?" என்றார்.

இன்று அவர் இடத்தில்
ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன்,
மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு.
குழாயடிக் கல்மேல் அண்ணனின் தூக்கு
கவிழ்த்தபடியே இருக்கிறது.
காலையில் வந்த ஆர்டரில் நான்கு வீ.
ஒன்றையும் தொடவில்லை.
அந்தப் பையனை மட்டும் கூப்பிட்டு
கைக்குட்டையை நனைத்துக் கட்டச் சொன்னேன்.
மெஷின் சத்தத்தில்
அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை.