கதவு எண் 3/117

வீட்டுவரிப் பதிவேட்டில்
தங்கச்சிமடம் மூன்றாம் வார்டுக்கு
நூற்று நாற்பத்தொரு கதவு.
எல்லாவற்றையும் தட்டியிருக்கிறேன்
ரசீதுப் புத்தகமும் கார்பன் தாளுமாக.
நாய்களுக்கு என்னைத் தெரியும்.

முன்பெல்லாம் தட்டினால்
மீன்குழம்பு வாசம் முதலில் வரும்,
ஆள் பிறகு.
இப்போது திறக்கிறவர் கேட்கிறார்:
"எத்தனை பேரு? ஏசியா, நான் ஏசியா?"

மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றிருந்த அறை
நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
எண் மாறவில்லை.
மாதம்தான் சுருங்கி நாளாகிவிட்டது.
ஆடி அமாவாசை என்றால் ஆறாயிரம்.
செத்தவருக்குத் தண்ணீர் விட
எங்கிருந்தோ வருகிறவர்களுக்கும்
படுக்க இடம் வேண்டும்தானே.

செலஸ்டினா இந்த வருஷத்தில் மூன்றாவது தடவையாக
மீன்பாடி வண்டியில் அண்டாவை ஏற்றினாள்.
நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிறவள்,
விரலில் ஓடு கீறிய கீறல் ஆறுவதில்லை.
"ஒரே ரேஷன் கடையில
ஒரு வருஷம் அரிசி வாங்கணும் சார்,
வேற என்ன கேக்குறேன்?"

வீட்டுத் திட்டப் பட்டியலில் அவள் பெயர் உண்டு.
மாமியார் விட்டுப்போன குடிசை மண்ணில் கட்டலாம்தான்.
கடற்கரை வரைபடத்தின் நீலக்கோடு
சரியாக அதன் நடுவே போகிறது.
பக்கத்து மூன்று மாடி விடுதி வந்ததும்
சுற்றிக்கொண்டு போகிறது,
மரியாதை தெரிந்த கோடு.

பட்டா வைத்திருந்த இருளாண்டிக்கு
வீடு லிண்டலோடு நிற்கிறது.
மூன்றாம் தவணைக்குக் கூரை போட்ட போட்டோ வேண்டும்.
கூரை போட மூன்றாம் தவணை வேண்டும்.
பாலம் தாண்டி வரும்போதே
செங்கல்லுக்கு விலை ஏறிவிடுகிறது.
உப்புக்காற்றில் கம்பி துருவேற,
ஓர் ஆடு மட்டும் குட்டியோடு
அங்கே குடிவந்திருக்கிறது.

மே ஒன்று, கிராமசபை.
தடைக்காலம், ஆண்கள் கரையில்.
பாசி எடுக்கிற முத்துராக்கு எழுந்தாள்,
முழங்காலில் பாறை கிழித்த தழும்பு,
கையில் மகளின் பழைய கணக்கு நோட்டு.

"லாட்ஜெல்லாம் வீடுன்னு வரி கட்டுது.
வீடுன்னா உள்ள யாரு இருக்கா?
பேரைச் சொல்லுங்க, கேப்போம்."

யாரும் சொல்லவில்லை.
ஃபேன் சத்தம் கேட்டது.

"கடை வரி போட்டா எவ்வளவு மிஞ்சும்னு
எழுதியிருக்கேன்.
மூடிக் கெடக்குற ஐஸ் பேக்டரி
ஊராட்சி எடம்.
எட்டு வீடு கட்டுங்க, மாச வாடகைக்கு.
முன்னால ஒரு களம் போடுங்க.
ரோட்டுல காயப் போட்டா
ஈரம், மண்ணுன்னு வியாபாரி கழிக்கிறான்.
களத்துல காஞ்ச பாசிக்கு வெல நிக்கும்.
வெல நின்னா வாடகை நிக்கும்."

தலைவர் "பாப்போம்" என்றார்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
"எத்தன கதவுன்னு செயலர் சொல்லட்டும்" என்றாள்.

பதிவேட்டைத் திறந்தேன்.
என் கையெழுத்து, என் கட்டங்கள்.
வாசித்துக்கொண்டே போனேன்,
மூன்று பை நாற்பது, மூன்று பை ஐம்பத்திரண்டு...
முப்பத்தேழு கதவு சொல்லியாயிற்று.
நாக்கு ஒட்டிக்கொண்டது.

மாடியில் இரண்டு அறை.
மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கட்டியது,
நகைக்கடனில்.
எட்டு வெள்ளைத் துண்டு, ஒரு கெய்சர்.
பெண்கள் பக்கத்தில் என் மனைவி
சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூன்று பை நூற்றுப் பதினேழு" என்றேன்.
முத்துராக்கு நோட்டைப் பார்த்துத் தலையாட்டினாள்.
அவள் கணக்கிலும்
முப்பத்தெட்டுதான் இருந்திருக்கிறது.

தீர்மானம் எழுதியாயிற்று,
மேலே அனுப்பியாயிற்று.
ஐஸ் பேக்டரியில் இன்னும் கருவேலம்தான் நிற்கிறது.
செவ்வாய்க்கிழமை அளக்க வருவதாக சர்வேயர் சொன்னார்,
எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

புது வரிக்கு முதல் ரசீதை
என் பெயருக்கே எழுதினேன்.
கார்பன் தாளின் அடியில் பெயர் கொஞ்சம் கோணல்.

மனைவி இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் இரவு
மாடிச் சாவியை மேசைமேல் வைத்தாள்.
"மாசத்துக்கே விட்டுடலாம்.
ஆடி அமாவாசைக்கு மட்டும்
ரெண்டு நாள் அவங்கள
எங்கயாச்சும் போய் இருக்கச் சொல்ல முடியுமா?"