வாளி கேட்ட நேரம்

மூன்றாம் அறையில் இரண்டு கட்டிலும்
ஒரு முழம் விலகிக் கிடந்தன.
சண்டையாக்கும் என்று நினைத்தேன்.
உல்லைக்கு அலையில் ஏற வருகிற சோடிகள்
பிரிவதும் சேர்வதும்
நான் உதறுகிற விரிப்புகளுக்குத் தெரியும்.

ஹோதயா சண்டைக்காரி இல்லை.
வியாழன் காலை உடுப்புக் கொடிக்குக் கீழே வந்து நின்றாள்,
கையில் ஒரு சின்னக் கொப்பி.
"நேற்று உன்னிடம் வாளி கேட்டேனே,
அப்போது சூரியன் இருந்ததா?"

திரை இழுத்த அறையாம்.
போனில் சார்ஜ் இல்லையாம்.
கண்டது நிச்சயம், கண்ட நேரம் தெரியாதாம்.
பாதி இங்கிலீசில், மீதி கையால் சொன்னாள்:
வெளிச்சம் விழுமுன் என்றால் புதன்,
விழுந்த பின் என்றால் வியாழன்.

இதை எனக்கா விளக்க வேணும்?
எங்களுக்கும் நாள் மஃரிபில்தான் பிறக்கிறது.
நோன்பு திறக்கக் கால் மணி இருக்க
ஒரு துளி கண்டு
முழு நோன்பையும் களாவில் போட்டவள் நான்.

கண்ணை மூடி நேற்றைத் தேடினேன்.
கடைசி விரிப்பு, இரண்டு கிளிப்.
ஒன்றைக் கழற்ற, அவள் கூப்பிட்டாள்.
பைப்படியில் நிரப்பினேன்,
நீல வாளி, பிடி அறுந்தது.
படியில் வைத்துவிட்டுத் திரும்பி
மற்றக் கிளிப்பில் கை வைக்க
பள்ளியில் பாங்கு.

"பாங்குக்கு முன்னம். புதன்தான்."

அவள் எழுதினாள், வலமிருந்து இடம்.
பக்கம் முழுக்க எண்கள்,
இருபத்தெட்டு, இருபத்தேழு, முப்பது.
ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சூரியன்
அல்லது ஒரு பிறை.
நேற்றைக்குச் சூரியன் கீறினாள்.
எங்கட மோதினாரின் குரல்
அந்தக் கொப்பிக்குள் போனது
அவருக்கே தெரியாது.

"அதுகள்ற உடுப்பக் கழுவாத" என்கிறார் மச்சான் நிஸ்தார்.
டிவியில் இடிந்த வீட்டுக்குள்
பிள்ளையின் செருப்பை யாரோ தூக்கிக் காட்டுகிறார்கள்.
எனக்கும் சோறு இறங்கவில்லை.
கரண்ட் பில்லும் வந்திருக்கிறது.
இரண்டையும் இறக்கி வைக்க இடமில்லாமல்
ஐந்து நாள் போனபின் அவள் கேட்ட
வெள்ளை விரிப்பை விரித்தேன்.
ஏழு நாளைக்கு வெள்ளை மட்டும்.

மறுகா வந்த ஞாயிறு, இஷா முடிந்து,
தோணிகள் ஏற்றிக் கிடக்கிற மூலையில்
அவள் கடலில் இறங்கினாள்.
புருஷன் இடுப்பளவு நீரில் நின்று
முடி முழுக்கத் தாழ்கிறதா என்று பார்த்தான்.
ஆள் வராமல் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தாள்.
டோர்ச்சை அணைத்து, கடலுக்கு முதுகு காட்டி நின்றேன்.
ஒரு முடியும் மிதக்கக் கூடாதாம்.
ஒரு முடியளவு காய்ந்திருந்தாலும்
குளிப்புச் சேராது எங்களுக்கு.
முதுகுக்குப் பின்னால்
தண்ணீர் மூடித் திறந்தது, மூன்று தரம்.

துவாயைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி கேட்டாள்:
"உன் கொப்பி எங்கே?"

என்னிடம் கொப்பி இல்லை.
குசினிக் கதவுக்குப் பின்னால்
அரிசி ஆலை தந்த கலண்டர்.
மூன்று ஆம்பிளப் பிள்ளைகள் இருக்கிற வீடு,
பேனையால் குறிக்க முடியாது.
தேதியில் குண்டூசியால் ஒரு துளை, அவ்வளவுதான்.

அன்றிரவு அதைக் கழற்றி
பல்புக்கு நேரே பிடித்தேன்.
இந்த மாதத் தாளிலும் ஒரு துளை இருந்தது,
வந்து போய்விட்டது என்றுதான் இருந்தேன்.
அது இந்த மாதத்துத் துளை இல்லை,
போன மாதத்து ஊசி
கீழ்த்தாள் வரை இறங்கினது.

விரலால் எண்ணினேன். நாற்பத்து மூன்று.
திரும்பவும் எண்ணினேன், மஃரிபிலிருந்து. நாற்பத்து மூன்று.
எனக்கு வயது நாற்பத்து நாலு.
முடிந்ததா, தொடங்கியதா?
கூடத்தில் அவர் குறட்டை விடுகிறார்.
குண்டூசியை ஒரு தேதியிலும் குத்தாமல்
அபாயாவின் கழுத்தில் குத்தி வைத்தேன்.

விடிந்தால் மூன்றாம் அறை.
கட்டில்கள் சேர்ந்திருக்கும்.
பெரிய விரிப்பு ஒன்று தேட வேணும்.