தவணை

நாற்காலி முந்நூறு. சிவப்பு உறை போட்டது இருநூறு.
கெனோப்பி எட்டு. நிற்கும் காற்றாடி பன்னிரண்டு.
குணாளனின் தங்கைக்குக் கல்யாணம், ஆயர் ஈத்தாமில்.
மழை பிடித்தது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.
அதை மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது வெள்ளி
அன்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.
சம்பளம் போட்டதும் வரும். போனஸ் கிடைத்ததும் வரும்.
கார் விற்றதும் வரும் என்றான்;
விற்றான்; வேறு கார் வந்தது.

என் வீட்டுக்காரர் கேட்கத் தெரியாதவர்.
சந்தையில் அவனைக் கண்டால்
இவர் மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார்,
கடன் வாங்கியவர் போல.
அவர் போய் மூன்று வருடம்.

மிஸ் ஊய் சின்னப் பெண்.
சட்ட உதவி மேசையில் வாரம் ஒரு பிற்பகல் உட்காருகிறாள்.
மலாயில் மெதுவாகச் சொன்னாள்:
ஆறு வருடம், அக்கா.
அதற்குமேல் போனால் கடன் இருக்கும், கதவு இருக்காது.
காலம் கடந்தது என்று அவன் ஒரு வரி எழுதினால் போதும்.
கல்யாணம் என்றைக்கு?

தேதி சொன்னேன். சொல்லும்போதே விரல் எண்ணியது.
ஆறு வருடமும் ஐந்து நாளும்.

அவள் பேனாவை மூடவில்லை.
எல்லாக் காகிதத்தையும் நாளைக்கு என் ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள்.
அவன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு,
கடனில் கழித்துக்கொள் என்று கொடுத்த பத்து வெள்ளி,
ஏதாவது இருந்தால்
அந்த நாளிலிருந்து ஆறு வருடம் புதிதாக ஓடும்.

இரவு சூட்கேசைக் கவிழ்த்தேன்.
ஐந்து நாள் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன்?
நாற்காலி உறைகளை ஊறவைத்துக்கொண்டிருந்தேன்.

காரியத்துக்கு வந்த வெள்ளை உறைகளில் ஒன்றில்
அவன் எழுத்து: குணாளன். இருநூறு.
பெயருக்கும் தொகைக்கும் நடுவே
ஒரு விரற்கடை வெற்றிடம்.
'பாக்கியில்' என்ற ஒரு சொல்
அங்கே சரியாக உட்காரும்.
அதே நீல மை வீட்டில் இருந்தது.

பாடை தூக்க நாலாவது ஆள் இல்லாமல் நின்றபோது
சட்டையைக் கழற்றிவிட்டு வந்தவன் அவன்தான்.

பேனாவை மூடினேன். திறந்தேன்.
மூடி, அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

மறுநாள் மிஸ் ஊய் அந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள்.
இது துக்கப் பணம், என்று ஓரமாக வைத்தாள்.
பிறகு மஞ்சளாகிப்போன பில்லை எடுத்து
அடியில் விரல் வைத்தாள்.
அவர் எழுத்து. எல்லா பில்லிலும் எழுதுவார்,
யாரும் படித்ததில்லை, நானும்தான்:
பதினான்கு நாள் தவணை.

நாற்காலி போட்ட நாளிலிருந்து இல்லை, அக்கா.
தரவேண்டிய நாளில் தராமல் போனானே,
அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.
இன்னும் எட்டு நாள்.

கேட்கத் தெரியாதவர்
ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார்.

ஐயாயிரத்துக்குள் என்பதால் வக்கீல் கூட நிற்கக் கூடாதாம்.
கடைப் பதிவு என் பெயரில்; நான்தான் நிற்க வேண்டுமாம்.
லைட் ஸ்ட்ரீட் கவுண்டரில் படிவம் 198.
எதற்கான பணம்? கட்டம் சின்னது.
நாற்காலி முந்நூறு, என்று தொடங்கினேன்.
மழையைப் பற்றி எழுதவில்லை, கேட்கவில்லை.
இருநூறைக் கழிக்கவில்லை. அது வேறு கணக்கு.

கவுண்டர் அம்மா முத்திரை குத்தினாள்.
தேதி ஈரமாக இருந்தது. ஊதினேன்.

ஏழு நாள் மிச்சம்.
அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல்
பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது போன் வந்தது.
சனிக்கிழமை பிறந்தநாளாம், பாயான் பாருவில்,
நூற்றிருபது நாற்காலி.

விலை சொன்னேன்.
பில்லின் கடைசி வரியையும்
சத்தமாகச் சொன்னேன்.