உளை

இருபது டன் என்கிறது நெற்றித் தகடு.
நான் அறுபத்தொரு கிலோ.
அரிச்சந்திரா நதியின் இந்த வளைவில்
தொடை வரை புதைகிறவன் நான்தான்.

அது புதைவதில்லை.
மாட்டுக்கொட்டகை நீளத்துக்கு இரண்டு மிதவைகள்,
அவற்றைச் சுற்றி ஓடும் சங்கிலி,
நடுவே கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் தீர்த்தகிரி.
வெங்காயத்தாமரை மேல்
கல்யாண வீட்டு ஜமக்காளத்தில் நடப்பதுபோல் வருகிறது.
தண்ணீரென்றால் மிதக்கும், சேறென்றால் ஊரும்,
ஒன்று எங்கே முடிந்து மற்றது தொடங்குகிறதென்று
அதற்கும் தெரியாது, ஆமைக்கும் தெரியாது.

நாளைக்கு மூன்று நடை டீசல் கொண்டுபோவது என் வேலை.
ஃபைபர் படகு, ஏழு கேன், ஒரு மூங்கில் கழி.
முதல் நாளே கேட்டுவிட்டேன்:
அண்ணனுக்கு நீச்சல் தெரியுமா?
அரூர்ப் பக்கம், கல்குவாரி,
கிணற்றில்கூட வாளிதான் இறங்கும் என்றார்.
தீர்த்தம் என்று பேர் வைத்தவர்கள்
அதோடு விட்டுவிட்டார்களாம்.
சொல்லிக்கொண்டே லீவரை இழுத்தார்.
பதினைந்து மீட்டர் கை நீண்டு
ஒரு குழி தாமரையை வேரோடு அள்ளிக் கரையில் போட்டது.
கொக்குகள் அதில் இறங்கிக் கணக்குப் பார்த்தன.

போன வருஷம் இதே வளைவில்
சாதாரணப் பொக்லைன்.
கரையிலிருந்து எட்டவில்லையென்று
பனைத்துண்டு அடுக்கி இறக்கினார்கள்.
பனை ஒவ்வொன்றாய்ப் போனது.
பிறகு செயின்.
பிறகு எஞ்சின், ஓடிக்கொண்டே.
கூண்டின் மேல் ஏறி நின்றவரை
மீன் தடவிக்கொண்டிருந்த பொம்பளைகள்
வலைக்கயிறு வீசி இழுத்தார்கள்.
இரண்டு கிரேன் வந்து நாலாம் நாள்தான் எடுத்தது.
அந்தச் செலவு இவர் சம்பளத்தில் கழிகிறது,
இன்னும் ஏழு மாசம்.
இவர் சேற்றைப் பார்ப்பது
வட்டிக்குக் கொடுத்தவனை எதிரில் பார்ப்பது மாதிரி.

மேட்டூர் திறந்து ஆறு நாள்.
கல்லணை தாண்டியாச்சு என்று
பொறியாளர் அம்மா போனில் சொன்னார்,
நேரில் வந்தும் சொன்னார்.
நூற்றெண்பது மீட்டர் பாக்கி.
நாங்கள் கடைமடை.
காகிதத்தில் வந்த தண்ணீரை
வருஷா வருஷம் குடித்தவர்கள்.

சாயங்காலம் வாளி எதிலோ மோதி
ணங் என்றது.
இந்த மண்ணில் கல் கிடையாது,
கல் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போகணும்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
'கல் இல்ல' என்றார் அதற்குள்.
கல்லின் குரல் அவருக்குத் தெரியும்.

கறுத்த சேறு, அழுகல் வேர்,
ஒரு கெளுத்தி, வாலை மட்டும் ஆட்டியபடி,
அதற்கடியில் இரும்பு.
மூழ்கினதோட வாளிப் பல்,
நாலாவது, நானே வெல்டிங் வச்சது
என்று எஞ்சினை அணைத்தார்.
அணைத்தால் போன் வரும்.
வந்தது.
எடுக்கவில்லை.

மிதவையில் குந்தி
குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி அதைக் கழுவினார்.
ஆற்று நடுவில் உட்கார்ந்துகொண்டு
கேன் தண்ணீர்!
நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.
படகுக்கு நங்கூரம் இருக்கா?
சாக்கில் மணல் கட்டி வச்சிருக்கேன்.
இதை வச்சுக்க.
போட்ட வேகத்தில் படகு ஒரு பக்கம் சாய,
அலை மிதவையைத் தட்ட,
மனுஷன் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடிவிட்டார்.
கெளுத்தியை அதற்குள் ஒரு கொக்கு எடுத்துவிட்டது.

இரவு விளக்குப் போட்டு முடித்தார்.
மூன்றாம் நாள் எந்திரம் லாரியேறி
கோடியக்கரைப் பக்கம் போனது.
அன்றிரவே தண்ணீர் வந்தது,
நுரையும் ஒற்றைச் செருப்பும்
எந்த ஊர்ப் பிள்ளையாருக்கோ போட்ட அருகம்புல்லுமாக.

இழுப்பு ஜாஸ்தி.
பல்லைப் போட்டேன்.
கயிறு நாலு முழம் ஓடி நின்றது.
உளை பிடித்துக்கொண்டது,
முன்னமே ருசி பார்த்த இரும்பு.