இரண்டு பேருக்கும் இடது

தர்வோஸ் என்றால் கதவு என்பார்கள் எங்கள் பக்கம்.
பாமிர் மலை வடக்கே போகிற வழியில்
தோள் உரசும் நிலைக்கால் இது.
வருடத்துக்கு ஒரு விரல்நகம் அகலம் போகிறதாம்.
நில அளவை அலுவலகத்தில் பதினோரு வருடம் இருக்கிறேன்,
அந்த உரசல்மேல் யாரும் புகார் தந்ததில்லை,
போன மே மாதம் வரை.

முதல் மனு, ஓய்ஜமால், ஓடைக்கு மேற்கே:
என் வாய்க்கால் நேராகத்தான் ஓடுகிறது.
நிலம் நடுங்கிய இரவைச் சாக்கிட்டு
குர்பான்ஷோ தன் வாய்க்காலை இடதுபக்கம் தள்ளி வெட்டிவிட்டான்.

இரண்டாம் மனு, குர்பான்ஷோ, ஓடைக்குக் கிழக்கே:
பொய். இடதுபக்கம் தள்ளியது அவள்.

டேப்பை இழுத்தேன்.
அவள் முற்றத்திலிருந்து கிழக்கே பார்த்தால்
அவன் மதில், வாதுமை வரிசை,
முளையில் கட்டிய கழுதை,
எல்லாம் மூன்று எட்டு இடப்புறம்.
தாண்டிப் போய் அவன் வாசலில் நின்று திரும்பினேன்.
அவள் வீடும் இடப்புறம்.
அதே மூன்று எட்டு.
கழுதை என்னையே பார்த்தது.

முன்பொரு கோடையில்
செம்பாறையில் துளைபோட வந்தவளை
ஜீப்பில் ஏற்றிப் போயிருக்கிறேன்.
சேறாய்க் கிடந்த காலத்தில்
இதன் இரும்புத் துகளெல்லாம் வடக்கே முகம் வைத்துப் படுத்தன,
இப்போது வடமேற்கே பார்க்கின்றன என்றாள்,
தூங்குகிறவனைப் பாயோடு திருப்பிப் போட்டதுபோல.

நெரிசல் வேனில் நடுவில் நிற்பவன் முன்னே முண்டுகிறான்.
அவன் தோள்பையைக் கம்பி பிடித்துக்கொள்கிறது.
பை முறுகுகிறது, வார் இழுபடுகிறது,
ஒரு தையல் விட்டுக்கொடுத்தால்தான் அவன் இறங்கலாம்.
வரைபடத்தில் வில்லாய் வளைந்திருக்கும் இந்த மலை
அப்படி இறங்கிக்கொண்டிருக்கிறது.
தையல் விட்ட இடத்தில்
ஓய்ஜமால் வெங்காயம் போட்டிருக்கிறாள்.

படிவத்தில் ஒரு கட்டம்:
ஆக்கிரமித்தவர் பெயர்.
பேனாவை வைத்து எடுத்தேன், ஒரு புள்ளி விழுந்தது.
அதற்குப் பக்கத்தில் எழுதினேன்:
இரு மனுக்களும் உண்மை.
மேலதிகாரி திருப்பி அனுப்புவார், தெரியும்.

கிளம்பும்போது பார்த்தேன்.
மடை திறந்த தண்ணீர்
அவள் வாய்க்கால் முடிகிற இடத்தில் முட்டி, குழம்பி,
இடப்புறம் மூன்று எட்டு நடந்து
அவன் வாய்க்காலுக்குள் இறங்கியது.
குர்பான்ஷோ மண்வெட்டியோடு நின்றான்.
நேராக்கட்டுமா என்றான்.

எதை, என்று கேட்டேன்.