பதிலுக்கு வந்தவள்

நார்வாவில் ஜனவரி மாதம்
ஒன்பது மணிக்குத்தான் விடியும்.
முதல் பீரியட் எட்டுக்கு.
ஆகவே நான் முதலில் பார்த்தது
கறுத்த ஜன்னல் கண்ணாடியில் என்னைத்தான்.
எனக்குப் பின்னால் இருபத்திரண்டு தலைகள்.

அது லீவி காசிக்கின் அறை.
பனியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்து
அவள் மருத்துவமனையில்.
இழுப்பறையில் அவளுடைய கம்பளிச் செருப்பு,
பாதி கடித்த மார்சிபான்,
‘கள்ளிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்’ என்றொரு சீட்டு.
சீட்டைப் பார்ப்பதற்குள் ஊற்றியிருந்தேன்.

அட்டவணையில் அவள் பெயர் இருந்த கட்டத்தில்
‘அசெண்டுஸ்’ என்று அடித்திருந்தது.
பதிலி என்று பொருள்.
பிள்ளைகள் அதையே என் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.
நானும் திருத்தவில்லை.
மூன்றாம் வாரம் ஸ்லாதா
அதைப் பதினான்கு வேற்றுமையிலும் உருபேற்றி
பலகை நிறைய எழுதி வைத்திருந்தாள்:
அசெண்டுஸின், அசெண்டுஸுக்குள், அசெண்டுஸிலிருந்து,
பதின்மூன்றாவதாக, அசெண்டுஸ் இல்லாமல்.
ஒரு பிழை கிடையாது.
அழிக்க மனமில்லாமல் ஓரத்தில் இருந்த இடத்தில்
அன்றைய பாடத்தை எழுதினேன்.

வீட்டில் ருஷ்யன் பேசுகிற பிள்ளைகள்.
எஸ்டோனியன் அவர்களுக்கு ஒரு பீரியட்,
மணியடித்தால் முடிந்துவிடும்.
எனக்கு அது அம்மாவிடம் திட்டு வாங்கிய மொழி.
ஏன் அப்படி என்று யாராவது கேட்டால்
அப்படித்தான் என்பதுதான் வாயில் வரும்.
பதிலுக்கு வந்தவளிடம்
பதில் இல்லை.

லினா என்றால் படுக்கை விரிப்பு.
ஒற்றை இரட்டித்து லின்னா என்றால் நகரத்தின்.
அதே லின்னாவை, அதே எழுத்தில்,
இன்னும் ஒரு மூச்சு இழுத்தால் நகரத்துக்குள்.
இந்த அளபெடை காதுக்கு மட்டும். கண்ணுக்கு இல்லை.
‘எவ்வளவு இழுக்கணும்?’
கடைசி வரிசையில் ஹாக்கி மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டே
கேட்டான் ரோதியோன்.
அம்மாவுக்காம்.
சூப்பர்மார்க்கெட்டில் மீன் பிரிவு.
மார்ச் கடைசியில் மொழித் தேர்வு.
தேறாவிட்டால் வேலை நிலைக்காது.

கைதட்டிக் காட்டினேன்,
ஸ்கேலால் மேஜையைத் தட்டிக் காட்டினேன்.
இருபத்திரண்டு பேரும்
ஒற்றுமையாகத் தப்பாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் மீன் வாங்கப் போனேன்.
மீன் தேவைப்படவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.
பெயர்ப்பட்டையில் ‘இனெஸ்ஸா’.
அரைக் கிலோ ஹெரிங் கேட்டேன்.
எஸ்டோனியனில், வியர்த்து வியர்த்து,
விலையை அவள் சொன்னாள்.
என் பின்னால் வரிசை.
நான் அவளுடைய விகுதியைத் திருத்தினேன்.
சத்தமாக இல்லை. ஆனாலும்
திருத்தினேன்.

மறுநாள் டேப் சுற்றாமல் உட்கார்ந்திருந்தான் ரோதியோன்.
‘நேத்து அம்மா வீட்டில் பேசவே இல்லை டீச்சர்,’ என்றான்,
‘எந்த பாஷையிலும்.’

ஒன்பது நாள் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.
பத்தாம் நாள்
பள்ளியில் படித்து மறந்த ருஷ்யனைத் தூசி தட்டி எடுத்துப் போனேன்.
என் மொழியில் ஆண்பால் பெண்பால் கிடையாது.
‘அவன் ஒரு அரைக் கிலோ’ என்றேன் ஹெரிங்கை.
வரிசை சிரித்தது.
இனெஸ்ஸா சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை.
மீனை எடுத்துத் தராசில் வைத்தபடி
அதன் பெயரை மட்டும்
நடுவில் நன்றாக இழுத்து, எனக்குப் புரியட்டும் என்று
செல்யோஓஓத்கா என்றாள்.

‘அதுதான்!’ என்று கத்திவிட்டேன்.
‘அந்த நீளம்தான். அதை அப்படியே ன்-னில் வையுங்கள்.’
கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு, பொத்திய கைக்குள்ளேயே:
லின்ன்னா.

தேர்வுக்கு முந்தின வாரம் லீவி வந்துவிட்டாள்,
ஊன்றுகோலோடு.
இனெஸ்ஸா தேறினாளா, எனக்குத் தெரியாது.
கேட்டு எழுதலாம். எழுதவில்லை.

கள்ளி அழுகிவிட்டிருந்தது.
அதே உயரத்தில் வேறொன்று வாங்கி
அதே தொட்டியில் நட்டு வைத்தேன்.
லீவி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

ரயில் கிளம்பியதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்:
நகரத்திலிருந்து.
ஆறாம் வேற்றுமை.
அதில் எதையும்
இழுக்க வேண்டியதில்லை.